ஈர அறை

அத்தியாயம் 6

காலை பத்து ஐந்துக்குக் குவான் அக்காவின் கைபேசியில் அந்தச் செய்தி வந்தது. இரண்டே சொற்கள்: ‘ஈர அறை’. அனுப்பியவள் ஃபெங் லான். அக்கா உடனே திருப்பி அழைத்தார். மணி போகவில்லை. மறுபடி அழைத்தார். ஆறாவது தடவை அழைத்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். அக்கா யாரையும் இரண்டு தடவைக்கு மேல் அழைக்கிறவர் இல்லை.

“டோங், வண்டியை எடு.”

“அக்கா, காலுறை இன்னும் காயல.”

“பன்னெண்டு நாளா காயல. இன்னைக்கு மட்டும் புதுசா காயப் போகுதா? ஈரத்தோட வா.”

குவான் ஸூக்-பிங் எங்கள் சன்வூய் ஊரில் இருபது வருடம் காப்பீட்டுக் கம்பெனிக்குச் சேதம் பார்த்தவர். தீப்பிடித்த கடைக்குள் போய், தீ தானாகப் பிடித்ததா, முதலாளி பிடிக்க வைத்தாரா என்று மோப்பத்திலேயே சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு அதே மூக்கை ஊராருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். நான் ஆ-டோங். முன்பு ஸ்கூட்டரில் சாப்பாடு கொண்டு போய்க் கொடுத்தேன். இப்போது அதே ஸ்கூட்டரில் அக்காவைக் கொண்டு போகிறேன். சாப்பாடு இவ்வளவு திட்டாது.

லான் எங்களிடம் வந்தது போன வெள்ளிக்கிழமை. முப்பது வயதுக்குள் இருக்கும். வடக்கே ஷென்யாங்க்காரி. ஒல்லியான உடம்பு, நகமெல்லாம் கறுப்புச் சாயம். வடக்கத்திப் பேச்சிலேயே தன் புகாரைச் சொன்னாள்.

“என் மெஷின் ரொம்ப நல்லா வேலை செய்யுது. யாரோ ஏமாத்துறாங்க.”

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

லான் செய்திருந்தது வெயிலால் காற்றைச் சூடாக்கும் பெட்டி. சாய்ந்த கண்ணாடி, அதற்கு அடியில் நெளிநெளியாகக் கறுப்புத் தகடு. வெயில் பட்டால் தகடு கொதிக்கும். தகட்டை உரசிப் போகிற காற்று சூடாகி, பக்கத்து அறைக்குள் போய், அங்கே அடுக்கி வைத்த ஆரஞ்சுத் தோலைக் காய வைக்கும். எங்கள் ஊரில் அந்தத் தோலை வருடக் கணக்கில் பத்திரப்படுத்துவோம். பிள்ளைகளைவிட அதை நன்றாக வளர்ப்போம்.

“எங்க ஊர்ல இவ்வளவே போதும்” என்றாள் லான். “இங்க காத்துல பாதி தண்ணி. ஈரக் காத்தைச் சூடு பண்ணி உள்ள விட்டா, தோல் காயாது, வேகும். அதனால காத்தை முதல்ல உப்புக்கல் மேல விட்டுப் பிழியறேன். பிழிஞ்ச காத்தை வெளிய விடறதில்ல. அதையே திரும்பத் திரும்பச் சுத்த விடறேன். சுத்தச் சுத்தச் சூடு ஏறும்.”

“எவ்வளவு ஏறும்?” என்று கேட்டார் அக்கா.

“நல்ல வெயில்ல எழுபது டிகிரி. வெயில் இல்லன்னா அஞ்சாறு டிகிரி ஏறினாலே பெருசு. சூரியனைப் பார்த்து ஒம்போது நாள் ஆச்சு. அளவுமானி தினமும் அம்பது காட்டுது. எல்லாரும் என்னைப் பாராட்டறாங்க. எனக்குப் பயமா இருக்கு.”

திங்கட்கிழமை காலையில் ஆள் வருவதற்கு முன்னால் போய்ப் பார்க்கப் போவதாகச் சொன்னாள். தனியாகப் போகாதே, நான் வருகிறேன் என்றார் அக்கா. சரி என்று தலையை ஆட்டிவிட்டுத் தனியாகப் போயிருக்கிறாள். அன்றைக்குத்தான் திங்கட்கிழமை.

தெருவில் பனிமூட்டம் கண்ணைக் கட்டியது. குளிர் போய்த் தெற்குக் காற்று திரும்புகிற இந்தப் பருவத்தில் எங்கள் ஊரில் சுவர் வியர்க்கும், தரை வியர்க்கும், மாடிப்படியில் தண்ணீர் இறங்கும். எல்லா வீட்டிலும் கதவு, சன்னல் எல்லாம் இறுக்கி அடைத்திருந்தார்கள். போக்குவரத்து விளக்கில் பக்கத்தில் நின்ற மீன்காரர் கைபேசியைக் காட்டிச் சிரித்தார்.

“பாத்தியாப்பா, மத்தியானம் வடக்குக் காத்து வருதாம். வெயில் அடிக்குமாம். ஒரு வழியா தொலஞ்சுது சனியன்!”

ஊரே அந்த வெயிலுக்குக் காத்திருந்தது. நானும்தான். என் அலமாரியில் சட்டைக்குப் பூஞ்சை பிடித்திருந்தது.

லான் தன் பெட்டியை மாட்டியிருந்த சௌ காம்-லுன் முதலாளியின் ஆரஞ்சுத் தோல் மண்டி ஆற்றங்கரையில் இருக்கிறது. அறுபது வயது, உருண்டை முகம், யார் வந்தாலும் எழுந்து நிற்கிற மரியாதை. நாங்கள் நனைந்த கோழிகளாக உள்ளே நுழைந்ததும் ஓடிப் போய் இரண்டு துண்டு எடுத்து வந்தார்.

“முதல்ல தலையைத் துவட்டுங்க. காய்ச்சல் வந்துரும். டீ போடச் சொல்றேன்.”

துண்டு மொரமொரவென்று இருந்தது. வெதுவெதுப்பு வேறு. ஆரஞ்சுத் தோல் வாசம் கமகமவென்று வந்தது. முகத்தைப் புதைத்துக்கொண்டு அப்படியே அழுதுவிடலாம் போலிருந்தது.

“முதலாளி, லான் எங்க?” என்றார் அக்கா.

“இன்னும் வரலையே. ரெண்டு மணிக்கு நகரத்துலேர்ந்து அதிகாரிங்க வராங்க. வெயில் காத்துல மட்டுமே பதம் பண்ணின தோலுன்னு சான்றிதழ் குடுக்கப் போறாங்க. அந்தப் பொண்ணு இல்லாம நான் என்ன பண்ணுவேன்? இதுக்காக மண்டியில ஒரு கரண்ட் அடுப்புகூட வச்சுக்கல. சம்சாரம் துணிக்குச் சூட்டுக் காத்து அடிக்கிற மெஷினைக்கூடத் தூக்கிக் குடுத்துட்டேன், சந்தேகம் வரக் கூடாதுன்னு.”

அக்கா கைபேசியை நீட்டினார். முதலாளி கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். இரண்டு சொல்லைப் படிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். நல்ல மனிதர், பெற்ற பெண் மாதிரி நினைக்கிறார் போல என்று எனக்கே மனது இளகியது.

“ஈர அறைன்னா... கழுவற கூடமாத்தான் இருக்கும். கீழ இருக்கு. ஐயோ, தொட்டியில கிட்டியில... வாங்க, வாங்க!”

கழுவும் கூடம் நிலத்துக்கு அடியில் இருந்தது. எட்டு சிமெண்டுத் தொட்டிகள், ஒவ்வொன்றும் நெஞ்சளவு ஆழம். பருவத்தில் பழம் கழுவுகிற தொட்டிகள். இப்போது தோல் பரப்புகிற மூங்கில் தட்டுகள் ஊறிக்கொண்டிருந்தன. தண்ணீருக்கு மேல் தட்டு, தட்டுக்கு மேல் தட்டு. அடியில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருந்தது.

“தட்டை எல்லாம் எடுத்துப் போடு” என்றார் அக்கா.

நானும் வேலைக்காரப் பெண்கள் நான்கு பேரும் தட்டுகளை வாரி வெளியே போட்டோம். முதல் தொட்டியில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் மூங்கில் கழியை விட்டுத் துழாவினேன். மெத்தென்று எதிலோ இடித்தது.

“அக்கா.”

“என்ன?”

“மெத்துன்னு இருக்கு.”

“இறங்கு.”

“எனக்கு நீச்சல் தெரியாது.”

“நெஞ்சளவுதான்டா. நில்லு, போதும்.”

இறங்கினேன். கண்ணை மூடிக்கொண்டு குனிந்து கையை விட்டேன். துணி தட்டுப்பட்டது. துணிக்குள் கனமாக ஏதோ இருந்தது. எனக்கு ஈரக்குலை நடுங்கியது. பிடித்து இழுத்தேன். தட்டு மிதக்காமல் இருக்கக் கட்டி வைத்த மணல் மூட்டை. ஒரு பெண் பயத்தில் கெக்கெக்கென்று சிரித்துவிட்டு உடனே அழுதாள். மொத்தம் எட்டு தொட்டி. முதலாவது தவிர மற்ற ஏழிலும் இரண்டிரண்டு மூட்டை இருந்தது. பதினாலு தடவையும் நான் செத்துப் பிழைத்தேன்.

முதலாளி படிக்கட்டில் உட்கார்ந்து, “இருக்காது, இருக்கக் கூடாது” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

எட்டாவது தொட்டியிலிருந்து நான் வெளியே வந்தபோது மணி பதினொன்றரை. லான் எங்கேயும் இல்லை. அக்கா சுவரில் சாய்ந்து நின்றார். பதினெட்டு மாதமாக அவரிடம் வேலை பார்க்கிறேன். அவர் சாய்ந்து நின்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“தப்பான இடத்துல தேடறோம் டோங். எங்கயோ மூச்சு விட்டுக்கிட்டு இருக்கா அந்தப் பொண்ணு. நாம இங்க தண்ணியைக் கலக்கறோம்.”

அப்போது சமையல்கார லாம் அண்ணி படிக்கட்டின் மேலே நின்று சத்தம் போட்டார்.

“ஏம்மா, எல்லாரும் வந்து சாப்டுட்டுத் தேடுங்க! கஞ்சி ஆறுது. இன்னைக்குப் பன்னி ஈரம் போட்டிருக்கேன், நெறைய!”

பன்றி ஈரம் என்றால் பன்றிக் கல்லீரல். எங்கள் பேச்சில் கல்லீரலுக்கும் காய்ந்துபோனதுக்கும் ஒரே ஒலி. காய்ந்தது என்று வாயால் சொன்னால் மடியில் இருக்கிற காசும் காய்ந்துவிடும் என்று பயந்து, கல்லீரலை ‘ஈரம்’ என்று மாற்றிச் சொல்வோம். கசாப்புக் கடையில் குழந்தைகூட அப்படித்தான் கேட்கும். யாரும் அதை யோசிப்பதில்லை.

அக்கா யோசித்தார். சுவரிலிருந்து முதுகை எடுத்தார்.

“அண்ணி, மாடியில தோல் காய வைக்கிற அறை இருக்கே...”

“ஐயையோ!” லாம் அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். “அந்த வார்த்தையை இங்க சொல்லாதீங்கம்மா. வியாபார இடம். முதலாளி காதுல விழுந்தா அன்னைக்கு முழுக்கச் சோறு இறங்காது அவருக்கு.”

“அப்ப நீங்கள்லாம் அதை எப்படிச் சொல்வீங்க?”

“ஈர அறைன்னுதான். முதலாளி வச்ச பேரு.”

“லானும் அப்படித்தான் சொல்லுவாளா?”

“வந்த புதுசுல தெரியாம சொல்லிச் சொல்லித் திட்டு வாங்குவா, பாவம். இப்ப எங்களைவிடச் சுத்தமாப் பேசறா.”

அக்கா தன் நெற்றியில் தானே ஓங்கி அடித்துக்கொண்டார். எங்களிடம் வடக்கத்திப் பேச்சில் பேசியவள், இந்த மண்டியின் பேச்சில் எழுதுவாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. வடக்கத்திக்காரி ஈரம் என்றால் ஈரம்தான் என்று நினைத்துவிட்டோம்.

“மாடி!” என்று கத்திக்கொண்டே ஓடினார். ஐம்பத்திரண்டு வயதில் மூன்று மாடி ஏறினார். நான் சொட்டச் சொட்டப் பின்னால் ஓடினேன். வழியில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டேன். முதலாளியும் மூச்சிரைக்க வந்தார்.

மொட்டை மாடியில் பனிமூட்டம் மெலிந்திருந்தது. வரிசையாகப் பன்னிரண்டு அறைகள். மூன்றுக்கு அடுத்து ஐந்து என்று போட்டிருந்தது. நாலு என்பது சாவு என்று காதில் விழுமாம், அதனால் அந்த எண்ணே கிடையாது. ஒவ்வொரு அறைக்கும் இரும்புக் கதவு, கதவில் உள்ளங்கை அளவு கண்ணாடி, பக்கத்தில் வெப்பம் காட்டும் முள். கதவின் மேல் அதிகாரிகளின் முத்திரைக் காகிதம். அறைக்குத் தெற்கே சாய்ந்த கண்ணாடிப் பெட்டி, அதன் ஓரத்தில் சின்னக் காற்றாடி. எந்தக் காற்றாடியும் சுற்றவில்லை.

“லான்! லான்!” கத்தினோம். கதவைத் தட்டினோம்.

பதில் இல்லை. சுவர் முழுக்க ஒரு சாண் தடிமனில் நுரைப்பலகை, உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருக்கிறது என்று லான் சொன்னது நினைவு வந்தது. சத்தமும் போகாது, கைபேசி அலையும் போகாது. அந்த இரண்டு சொல் எப்படித் தப்பி வந்ததோ.

“சாவி?” என்றார் அக்கா.

“அதிகாரிங்ககிட்ட” என்றார் முதலாளி. “நேத்தே முத்திரை வச்சுப் பூட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. ரெண்டு மணிக்குத்தான் வருவாங்க.”

“எந்த அறைன்னு அவளுக்கே தெரியல போல. இல்லன்னா எண்ணைப் போட்டிருப்பா.” அக்கா கடப்பாரையைப் பார்த்தார். “டோங், ஒரு கதவுக்கு எவ்வளவு நேரமாகும்?”

கீலைத் தொட்டுப் பார்த்தேன். “பதினஞ்சு நிமிஷம். நான் ஆள் நோஞ்சான்கறதையும் சேத்து இருபது.”

பன்னிரண்டு கதவு. நான்கு மணி நேரம். அப்போதுதான் என் முதுகில் லேசாக ஒரு குளிர் பட்டது. வடக்குக் காற்று. மேலே மூட்டத்துக்கு நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம் தெரிந்தது. பன்னிரண்டு நாளாக நான் வேண்டிக்கொண்டிருந்த அதே வெயில். எழுபது டிகிரி என்று லான் சொன்னது காதில் கேட்டது.

“அக்கா, வெயில் வருது.”

“தெரியுது. பேசாம இரு.”

அக்கா முதல் கதவின் கண்ணாடியை விரலால் துடைத்தார். பனி வழிந்து, உள்ளே இருட்டுத் தெரிந்தது. இரண்டாவது, மூன்றாவது. அவையும் துடைத்ததும் தெளிந்தன.

“வெளிக்காத்து சூடு, கண்ணாடி சில்லுனு இருக்கு. அதான் வெளிப்பக்கம் வியர்க்குது” என்று முணுமுணுத்தார். “உள்ள ஒரு ஆளு மூச்சு விட்டா, உள்பக்கமும் வியர்க்கும்.”

ஐந்தாம் எண் கதவின் கண்ணாடியைத் துடைத்தார். தெளியவில்லை. மறுபடி புறங்கையால் அழுத்தித் துடைத்தார். பால் ஊற்றின மாதிரி அப்படியே இருந்தது. ஈரம் உள்பக்கம்.

“இதுதான்! உடை!”

“முத்திரை...” என்றார் முதலாளி. “முத்திரை கிழிஞ்சா சான்றிதழ்...”

“கிழியட்டும்!”

நான் கீலில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினேன். அக்கா ஆம்புலன்ஸுக்குப் பேசினார், பேசிக்கொண்டே கடப்பாரையின் மறுமுனையைப் பிடித்துத் தொங்கினார். முதல் கீல் அசைந்தபோது வெளிச்சம் மாறியது. தரையில் என் நிழல் விழுந்தது. பன்னிரண்டு நாளாக எனக்கு நிழலே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

டிர்ர்ர் என்று ஒரு சத்தம். வரிசையின் கோடியில் ஒரு காற்றாடி தானாகச் சுற்ற ஆரம்பித்தது. பிறகு அடுத்தது. அதற்கடுத்தது. வெயில் பட்டால் தானே ஓடுகிற காற்றாடிகள். ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டே எங்களை நோக்கி வந்தன. கடைசியில் ஐந்தாம் எண் காற்றாடியும் சுற்றியது.

“கண்ணாடியை மூடு!” என்றார் அக்கா.

என் மழைக்கோட்டைக் கழற்றி ஐந்தாம் பெட்டியின் மேல் விரித்தேன். பத்தவில்லை. சட்டையைக் கழற்றிப் போட்டேன். லாம் அண்ணியும் பெண்களும் மேலே வந்தார்கள். அண்ணி தன் மேலங்கியைப் போட்டார். பெண்கள் மூங்கில் தட்டுகளைச் சுமந்து வந்து அடுக்கினார்கள். ஐந்தாம் பெட்டி முழுக்க மூடியது. மீதிப் பதினொன்றும் பளபளவென்று மின்னின. அவற்றைப் பற்றி யாருக்கு என்ன கவலை?

மறுபடி கடப்பாரை. கை வழுக்கியது. உள்ளங்கை கிழிந்தது. பத்து நிமிஷம் ஆயிற்று, பதினைந்து ஆயிற்று. உள்ளே இருப்பவளுக்குக் கேட்கட்டும் என்று, “இதோ வந்துட்டோம், இதோ வந்துட்டோம்” என்று கத்திக்கொண்டே நெம்பினேன். இரண்டாவது கீல் பிய்ந்தது. கதவு சாய்ந்தது. குப்பென்று புழுக்கம் முகத்தில் அடித்தது.

உள்ளே யாரும் இல்லை.

அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கயிறு கட்டியிருந்தது. கயிறு முழுக்கத் துணி. ஈரம் சொட்டுகிற போர்வை, முதலாளியின் பனியன், முதலாளி சம்சாரத்தின் பூப்போட்ட பைஜாமா, வரிசையாக ஆறு உள்ளாடை. கடைசியில் எங்களுக்குக் கொடுத்த அதே நீலக்கரைத் துண்டுகள். தரையில் ஒரு மரப்பலகையின் இடுக்கு வழியாக மின்விசிறி சத்தமும் அனல் காற்றும் வந்தன.

வேறொரு நாளாக இருந்தால் ஒரு வாரத்துக்கு இதை வைத்தே கிண்டலடித்திருப்பேன். அன்றைக்கு ஈரத் துணிகளை விலக்கிவிட்டு மூலைமூலையாக லானைத் தேடினேன்.

அக்கா மெதுவாகத் திரும்பினார். முதலாளி சுவரோடு சுவராக நின்றிருந்தார்.

“சாவி” என்றார் அக்கா.

“அதிகாரிங்க...”

“அதிகாரிங்க நேத்து பூட்டின அறையில உங்க பனியன் இன்னைக்குச் சொட்டுது முதலாளி. முத்திரைக்கு மேல இன்னொரு முத்திரை ஒட்டத் தெரிஞ்சா போதும். ஆனா நான் அதைக் கேக்கல. ‘ஈர அறை’ நீங்க வச்ச பேரு. அதைப் படிச்சுட்டு எங்களைத் தண்ணித் தொட்டிக்குக் கூட்டிட்டுப் போனீங்க. ஒரு மணி நேரம் அங்க போச்சு. லான் எந்த அறையில?”

முதலாளியின் உருண்டை முகம் கோணிக்கொண்டது. பைக்குள் கையை விட்டுச் சாவிக்கொத்தை எடுத்தார்.

“ஒம்போது” என்றார். “நீண்ட ஆயுசுன்னு அர்த்தம் வர எண்ணும்மா. கெட்டது நடக்கக் கூடாதுன்னுதான் ஒம்போதுல வச்சேன். காலையில அடியில இருந்த ஹீட்டரைப் பாத்துட்டா. அதிகாரிங்ககிட்ட சொல்லுவேன்னா. பிடிச்சுத் தள்ளினேன், தலையில அடிபட்டுருச்சு. ரெண்டு மணி வரைக்கும்தான்... அவங்க போனதும் கால்ல விழுந்திருப்பேன்...”

“வெயில் வருதுன்னு ஊரே சொல்லுதே, உமக்குத் தெரியாதா?”

“வந்தா என்ன ஆகும்னு நெனச்சேன். அந்தக் கண்ணாடிப் பெட்டி வேலை செஞ்சு நான் பாத்ததே இல்லம்மா. மூட்டம் போட்ட அன்னைக்குத்தான் மாட்டினது. அஞ்சு டிகிரிக்கு மேல ஏறல. அதனாலதானே ஹீட்டரே வச்சேன்!”

நான் அவர் கையிலிருந்து கொத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். ஒன்பதாம் எண் கதவு. கண்ணாடியின் வெளிப்பக்கம் வெயிலில் காய்ந்து பளிச்சென்றிருந்தது. பக்கத்தில் முள் அறுபத்தொன்றில் நின்றது. அதன் காற்றாடி எல்லாக் காற்றாடியையும்விட வேகமாகச் சுற்றியது. நாங்கள் ஐந்தாம் பெட்டிக்குக் கோட்டும் சட்டையும் போர்த்திக்கொண்டிருந்த இருபது நிமிஷமும் இது சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. ஐந்தோடு நிறுத்தாமல் ஒன்பது வரைக்கும் அக்கா துடைத்திருந்தால், இந்தக் கண்ணாடியும் அப்போது பாலாகத்தான் இருந்திருக்கும். அதை அக்காவும் நினைத்தார் என்று அவர் முகத்தில் தெரிந்தது.

முதல் சாவி சேரவில்லை. இரண்டாவதும் சேரவில்லை. கையிலிருந்த ரத்தத்தில் கொத்து வழுக்கிக் கீழே விழுந்தது. அக்கா எடுத்து, ஒன்பதைத் தேடி, திருகினார்.

கதவைத் திறந்ததும் கண் எரிந்தது. உள்ளே காற்று என்பதே இல்லை, அனல்தான். லான் தரையில், கதவுக்கு ஒரு முழம் தள்ளி, குப்புறக் கிடந்தாள். ஒரு கையில் கைபேசி. பின்தலையில் ரத்தம் உறைந்திருந்தது. வியர்வைகூட இல்லை. தோல் செக்கச் செவேலென்று இருந்தது. கணுக்காலைப் பிடித்தேன், சுட்டது. இழுத்து வெளியே போட்டோம்.

“லான்! லான், கண்ணைத் திற!” அக்கா அவள் கன்னத்தில் தட்டினார். லாம் அண்ணி ஒரு வாளித் தண்ணீரை அப்படியே தலையில் ஊற்றினார். பெண்களில் ஒருத்தி மூங்கில் தட்டால் விசிறினாள். அசைவில்லை. அக்கா கழுத்தில் இரண்டு விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவே இல்லை. அவர் உதடு எதையோ எண்ணியது. எனக்குத் தெரிந்த சாமி எல்லாவற்றுக்கும் ஊதுவத்தி நேர்ந்துகொண்டேன். தெரியாத சாமிகளுக்கும் சேர்த்து நேர்ந்துகொண்டேன்.

“இருக்கு” என்றார் அக்கா. “ஊத்து, இன்னும் ஊத்து!”

மூன்றாவது வாளிக்கு லானின் இமை துடித்தது. நான்காவதுக்கு இருமினாள். கண் திறந்தது. எங்கேயோ பார்த்தது. பிறகு அக்காவைப் பார்த்தது. காய்ந்து வெடித்த உதடு அசைந்தது. அக்கா குனிந்து காதை வைத்தார்.

“எவ்வளவு?” என்றாள்.

மணி கேட்கிறாள் என்று நினைத்தேன். “பன்னெண்டு இருபதும்மா” என்றேன். அவள் தலையை அசைத்தாள், அது இல்லை என்று. அக்காவுக்குப் புரிந்துவிட்டது. கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“அறுபத்தொண்ணு” என்றார்.

“எவ்வளவு... நேரத்துல?”

“இருபது நிமிஷம்.”

லான் கண்ணை மூடிக்கொண்டாள். மனசுக்குள் கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது. பிறகு சிரித்தாள். வெடித்த உதட்டில் ரத்தம் கசிந்தது, அதைப் பற்றிக் கவலையே படாமல் சிரித்தாள். தொட்டித் தண்ணீருக்குள் கையை விட்டபோதுகூட நான் அப்படிப் பயப்படவில்லை. இந்தச் சிரிப்பைப் பார்த்து ஓரடி பின்னால் போனேன். முதலாளி சுவரோரம் அப்படியே சரிந்து உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

லான் அக்காவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். இன்னும் ஏதோ சொல்ல வேண்டும் அவளுக்கு. குரல் வரவில்லை. அக்கா மறுபடி குனிந்தார். இந்தத் தடவை எனக்கும் கேட்டது.

“கதவைச் சாத்துங்க. சூடு வீணாப் போகுது.”

எங்களில் ஒருவரும் அந்தக் கதவின் பக்கம் போகவில்லை.